‘சரிங்க’ என்றால் என்ன அர்த்தம்? மெர்ச்சண்டைசிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில், ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் அதைத் தயாரிக்கும் யூனிட்டுகளுக்கும் நடுவில் நின்று வேலையை நடத்தும் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் ஒன்று என் கையில் இருந்தது. 6,000 பீஸ், நெஞ்சில் ஒரு பிரிண்ட். கடைசி நேரத்தில் பையர் ஆர்ட்வொர்க்கை மாற்றி அனுப்பினார். நான் பிரிண்டிங் யூனிட்காரருக்குப் போன் போட்டு, “அண்ணா, பழைய ஆர்ட்வொர்க் வேண்டாங்க, புதுசு மெயில்ல அனுப்பியிருக்கேன், அதைப் போட்டுக்கங்க” என்றேன். “சரிங்க மேடம்” என்றார். போனை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் அப்போது வெளியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்திருக்கிறார். மெயிலைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சொன்ன ‘சரி’ அது. இங்கே யூனிட்டில் பழைய ஸ்க்ரீனிலேயே வேலை ஓடிக்கொண்டிருந்தது, சாயங்காலத்துக்குள் 2,300 பீஸ் அடித்து முடித்துவிட்டார்கள்.

பிரிண்ட் தப்பானால் முன்பக்கத் துணியை மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது. புதிதாக நிட்டிங் ஓட்டி டையிங் போட்டு வரும் துணியின் ஷேடு முதல் லாட்டோடு அப்படியே ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது, அதனால் பின்பக்கம், கை எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்ப வெட்ட வேண்டும். கப்பல் தவறியது. அந்த 2,300 பீஸும் ஏர் ஷிப்மென்ட்டில் போனது, அந்த ஆர்டரில் கம்பெனிக்கு நஷ்டம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. அவருடைய ‘சரி’க்கு ‘நீங்கள் பேசியது கேட்டது’ என்று அர்த்தம், எனக்கோ ‘வேலையை மாற்றிவிட்டேன்’ என்று அர்த்தம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் 14 வருடம் ஆகிவிட்டது, இப்போது எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறேன். ஃபேஷன் டெக்னாலஜி படித்துவிட்டு வருகிறார்கள், பி.காம். முடித்துவிட்டு வருகிறார்கள், இன்ஜினியரிங் படித்தவர்களும் வருகிறார்கள். துணி பற்றி ஆறு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். பேசுவதையும் எழுதுவதையும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, அது தானாக வரும் என்று நினைக்கிறோம். இந்த வேலையில் நாம் தைப்பதும் இல்லை, வெட்டுவதும் இல்லை, சாயம் போடுவதும் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். அதை எப்படிச் செய்வது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், இதை ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்ததையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், போனை எடுப்பதற்கு முன்னால்

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி தன் முனைவர் பட்டத்துக்காக எளிமையான ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை ஒருவர் மேஜையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்கிறவருக்கு வெறும் டொக் டொக்.

நாம் டையிங் மாஸ்டரிடம் பேசும்போதும் இதுதான் நடக்கிறது. நமக்கு அந்த ஆர்டரின் பையர், ஸ்டைல், கப்பல் தேதி, நேற்று வந்த மெயில் எல்லாம் தலைக்குள் ஓடுகிறது. அவருக்கோ நாம் அன்று பேசும் இருபதாவது ஆள். “அண்ணா, அந்த நேவி என்னாச்சுங்க” என்று ஆரம்பித்தால் எந்த நேவி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் யூனிட்டில் அன்றைக்கு நாலு நேவி ஓடும்.

அதனால் பேசுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார், எதை, எவ்வளவு, எப்போதுக்குள். இந்த நாலும் ஒரு வாக்கியத்தில் வரவில்லை என்றால், நமக்கே இன்னும் என்ன வேண்டும் என்று தெளிவாகவில்லை என்று அர்த்தம். அப்போது போன் போடாதீர்கள், முதலில் உங்கள் சீனியரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

அப்புறம் எழுதும் விதம்

மனித மூளை ஒரே நேரத்தில் கையில் பிடித்து வைத்திருக்கக்கூடிய விஷயம் மிகக் கொஞ்சம். 1956-ல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார், 2001-ல் நெல்சன் கோவன் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து நாலுக்குப் பக்கம்தான் என்றார். மூன்று நிமிட வாய்ஸ் நோட்டில் எட்டு விஷயம் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவில் அதைக் கேட்கிறவர் முதலும் கடைசியும் நினைவில் வைத்துக்கொள்வார், நடுவில் உள்ளது போய்விடும். வாய்ஸ் நோட் அனுப்புவது நமக்குச் சுலபம், ஆனால் தேட முடியாது, ஒரு வாரம் கழித்து அதில் என்ன சொன்னோம் என்று பார்க்க வேண்டுமானால் முழுதாகக் கேட்க வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மட்டும் வாய்ஸ் நோட் அனுப்புங்கள், அதையும் ஒரு நோட்டுக்கு ஒரு விஷயம் என்று பிரித்து அனுப்புங்கள்.

நான் அனுப்பும் மெசேஜ் இப்படி இருக்கும்:

“ஜாப் நம்பர் 214. நேவி, சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம்., 420 கிலோ.
வியாழன், 12 ஜூன், சாயங்காலம் 6 மணிக்குள்ள காம்பாக்டிங்குக்குப் போகணுங்க.
ஏதாவது தடை இருந்தா புதன் காலைல சொல்லிடுங்க, நான் மாத்து ஏற்பாடு பண்றேன்.”

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு, காம்பாக்டிங் என்பது சாயம் போட்ட துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை. முதல் வரியில் அடையாளம், இரண்டாவதில் வேலையும் நேரமும், மூன்றாவதில் சிக்கல் வந்தால் என்ன செய்வது. வணக்கமும் விசாரிப்பும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைத் தனி மெசேஜாகப் போடுங்கள். ஒரு ஜாப்புக்கு ஒரு மெசேஜ், இரண்டு ஜாப்பை ஒன்றில் கலக்கவே கூடாது.

பையருக்குப் போகும் மெயில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அங்கேயும் இதே வரிசைதான். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று நம் ஊரில் எல்லா மெயிலின் கடைசியிலும் எழுதுகிறோம், படிக்கிறவருக்கு அதில் என்ன செய்ய வேண்டும் என்பதே கிடையாது. அதற்குப் பதிலாக ‘லேப் டிப்பில் ஏ, பி, சி மூன்றில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தேர்ந்து சொல்லுங்கள்’ என்று எழுதினால் அவர் பத்து விநாடியில் பதில் போடுவார். (லேப் டிப் என்பது பையர் நிறத்தைப் பார்த்து ஒப்புதல் தருவதற்காகச் சாயம் போட்டு அனுப்பும் சிறு துணித் துண்டு.)

எண், அளவு, தேதி

இங்கேதான் பெரிய நஷ்டமெல்லாம் நடக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1999 செப்டம்பர் 23-ல் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றுவதற்காக நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று தொலைந்துபோனது. காரணம் அளவு முறை. விண்கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு முறையில் கொடுத்தது, நாசா பக்கம் அதை நியூட்டன் என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். அத்தனை படித்தவர்களுக்கே எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகு நழுவுகிறது என்றால் நமக்கு நழுவாதா?

நம் தொழிலில் இதற்குச் சமமானது செஸ்ட் அளவு. ‘செஸ்ட் 20’ என்று ஒருவர் சொன்னால் அது அங்குலமா, சென்டிமீட்டரா? பாதி அளவா, முழுச் சுற்றளவா? டெக் பேக்கில், அதாவது பையர் அனுப்பும் டிசைன், அளவு விவரத் தொகுப்பில், பெரும்பாலும் டேபிளில் படுக்க வைத்து அளக்கும் பாதி அளவுதான் இருக்கும், ஆனால் சில பையர் முழுச் சுற்று கொடுப்பார்கள். அமெரிக்க ஆர்டர் அங்குலத்தில் வரும், ஐரோப்பிய ஆர்டர் சென்டிமீட்டரில் வரும். வாயால் சொல்லும்போதும் அலகை விடாதீர்கள்: “செஸ்ட் 20 இன்ச், பாதி அளவு, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே.”

தேதி இன்னும் மோசம். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4. ஒரு மாத வித்தியாசம். மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழமையும் தேதியும் பொருந்தவில்லை என்றால் படிக்கிறவரே கூப்பிட்டுக் கேட்பார், அது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு செக்கிங். ஜெர்மனிக்கு ‘இன்று மாலைக்குள்’ என்று எழுதினால் யாருடைய மாலை? கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம்.

‘டெலிவரி தேதி’ என்ற சொல்லை நான் என் டீமில் தடை செய்தே வைத்திருக்கிறேன். ஃபேக்டரியை விட்டுச் சரக்கு கிளம்பும் தேதி, ஃபார்வர்டரிடம் (சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்) ஒப்படைக்கும் தேதி, தூத்துக்குடியில் கப்பல் புறப்படும் தேதி, பையர் ஊர்த் துறைமுகத்தில் போய்ச் சேரும் தேதி, நாலும் நாலு தேதி. முதலுக்கும் கடைசிக்கும் ஒரு மாதம்கூட இருக்கலாம். எந்தத் தேதி என்று பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும்.

உள்ளூரில் ‘நாளைக்கு ஆயிடும்’ என்ற சொல்லும் இப்படித்தான். “நாளைக்கு எத்தனை மணிக்குங்க வண்டி அனுப்பட்டும்?” என்று கேளுங்கள். மணி கேட்டவுடன், உண்மையில் நாளைக்கு ஆகுமா ஆகாதா என்பது அவர் குரலிலேயே தெரிந்துவிடும். இந்த ஒரு கேள்வி என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

திருப்பிச் சொல்ல வைப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனரிஃப் விமான நிலையம். ஓடுபாதை முழுக்கப் பனிமூட்டம். கே.எல்.எம். விமானத்தின் துணை விமானி, டேக்-ஆஃப் செய்யும் நிலையில் இருப்பதாக ரேடியோவில் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் “ஓகே” என்றார். அதன் பிறகு “காத்திருங்கள், கூப்பிடுகிறேன்” என்றும் சொன்னார், ஆனால் அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியதால் ரேடியோ இரைச்சலில் அது தெளிவாகக் கேட்கவில்லை, விமானி அறையில் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டும்தான். விமானம் ஓட ஆரம்பித்தபோது ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் இருந்தது. 583 பேர் இறந்தார்கள். விமானத் துறையில் அதைவிடப் பெரிய விபத்து இதுவரை இல்லை. அதற்குப் பிறகு பேசும் முறையையே இறுக்கினார்கள். அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, முக்கியமான உத்தரவுக்கு வெறும் ‘ஓகே’ போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும்போது நோயாளியின் விவரத்தை ஒப்படைக்கும் முறையிலும் இதைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 9 மருத்துவமனைகளில் ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையைப் பழக்கியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. அந்த முறையின் கடைசிப் படி, கேட்டுக்கொண்டவர் தன் சொந்த வார்த்தையில் சுருக்கித் திருப்பிச் சொல்வதுதான்.

சரி, இதை நம் ஊரில் எப்படிச் செய்வது? முப்பது வருடமாக டையிங் பார்க்கும் ஒரு பெரியவரிடம் 22 வயதுப் பிள்ளை போய் “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றால் அவர் மனம் நோகும், அதில் தப்பே இல்லை. அதனால் சோதிக்கப்படுவது நாம் என்று வையுங்கள். நான் இப்படிக் கேட்பேன்: “அண்ணா, நான் வேகமாச் சொல்லிட்டேன், ஏதாவது விட்டுட்டனான்னு தெரியல, நீங்க குறிச்சுக்கிட்டதை ஒரு தடவை சொல்லுங்களேன்.” யாரும் மறுத்ததே இல்லை. “சொல்றேன்மா, 214, நேவி, 420 கிலோ, வெள்ளிக்கிழமை…” என்று ஆரம்பிப்பார். வியாழன் வெள்ளியாக மாறியது அங்கேயே பிடிபட்டுவிடும், 20 விநாடியில்.

இன்னொரு வழி, அடுத்த கட்டத்தைக் கேட்பது. “அப்போ ஸ்க்ரீன் எப்பங்க மாத்துவீங்க?” என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அவர் மண்டபத்தில் இருப்பது தெரிந்திருக்கும், யூனிட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே பேசியிருப்பேன்.

நீங்கள் கேட்கும் இடத்தில் இருக்கும்போதும் இதையே செய்யுங்கள். பையர் வீடியோ காலில் பத்து விஷயம் சொன்னால், கால் முடிவதற்கு முன் “நான் புரிந்துகொண்டது இது” என்று வாசித்துக் காட்டுங்கள், அரை மணி நேரத்துக்குள் அதையே மெயிலாகவும் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, பையர்கள் இதை மதிக்கிறார்கள்.

எதைப் போனில், எதை எழுத்தில்

மாற்றம் என்றால் இரண்டிலும். முதலில் போன், உடனே எழுத்து. எண்களும் தேதியும் உள்ள எதுவும் எழுத்தில் இல்லாமல் இருக்கக் கூடாது. கோபமோ வருத்தமோ கலந்த விஷயம் என்றால் எழுதவே எழுதாதீர்கள், போன் போடுங்கள், முடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், அனுப்பர்பாளையத்துக்கோ காங்கேயம் ரோட்டுக்கோ போய்வர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? 2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் மற்ற இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மெயிலில் எழுதியவர்கள் தங்கள் தொனி, கிண்டலா நிஜமா என்பது, சுமார் 78 சதவீதம் சரியாகப் போய்ச் சேரும் என்று நினைத்தார்கள். சேர்ந்தது 56 சதவீதம்தான், காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். 1967-ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகள், ஒற்றைச் சொல்லுக்கும் குரலுக்கும் முகத்துக்கும் முரண் வரும்போது எதிரில் இருப்பவரின் உணர்ச்சியை எப்படி ஊகிக்கிறோம் என்பதைப் பற்றியவை மட்டுமே. 180 ஜி.எஸ்.எம். என்பதை எந்த முகபாவத்திலும் சொல்லிவிட முடியாது.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். துணி ஷேடு தள்ளி வந்துவிட்டது, பையருக்குச் சொல்ல வேண்டும், மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், திரும்ப டையிங் போட்டால் சரியாகிவிடும் என்று நாளைத் தள்ளுகிறோம். மனித இயல்புதான். 1970-ல் சிட்னி ரோசனும் ஆபிரகாம் டெஸ்ஸரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்னொருவருக்கு வந்த நல்ல செய்தியை மக்கள் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், கெட்ட செய்தியை அந்த அளவுக்குச் சொல்லவில்லை. அந்தக் கெட்ட செய்திக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோதே அப்படி.

ஆனால் இந்தத் தொழிலில் கெட்ட செய்திக்கு ஒரு ஆயுள் இருக்கிறது. கப்பல் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னால் சொன்னால் பையருக்கு நாலு வழி இருக்கும், ஒரு வாரம் முன்னால் இரண்டு வழி, முந்தின நாள் சொன்னால் ஏர் ஷிப்மென்ட் அல்லது ஆர்டர் கேன்சல். எனக்குத் தெரிந்து, சீக்கிரம் சொன்னதற்காகப் பையர் எங்களை விட்டுப் போனதில்லை. தாமதமாகச் சொன்னதற்காகப் போயிருக்கிறார்கள்.

இப்படி எழுதுங்கள்:

“மொத்தம் 4,200 பீஸில் நேவி கலர் 1,400 பீஸுக்கான துணி ஷேடு தள்ளி வந்திருக்கிறது, திரும்ப டையிங் போடுகிறோம். மீதி 2,800 பீஸ் குறித்த தேதியில் தயார். நேவி மட்டும் 6 நாள் தாமதமாகும். வழி ஒன்று: 2,800 பீஸ் இந்தக் கப்பலில், நேவி அடுத்த கப்பலில். வழி இரண்டு: எல்லாம் சேர்த்து அடுத்த கப்பலில். புதன்கிழமை உங்கள் நேரம் மதியம் 12 மணிக்குள் சொன்னால் புக்கிங்கை மாற்ற முடியும்.”

மன்னிப்பு ஒரு வரி போதும், கடைசியில். முதல் பத்தி முழுக்க மன்னிப்பு கேட்டுவிட்டு எட்டாவது வரியில் விஷயத்தைச் சொன்னால் படிக்கிறவருக்குப் பதற்றம்தான் கூடும். டையிங்காரர் மேல் பழி போடாதீர்கள், பையருக்கு நம் கம்பெனி ஒன்றுதான் தெரியும்.

நீங்கள் நாளைக்கு சீனியர் ஆகும்போது இதன் மறுபக்கம் வரும். ஏமி எட்மன்ட்சன் 1990-களில் மருத்துவமனை நர்ஸ்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்தார். அங்கே தவறைத் தயங்காமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். அதனால் செக்கிங்கில் இருக்கும் அக்கா “பீஸ்ல ஓட்டை வருதுங்க” என்று வந்து சொன்னால், முதல் வார்த்தை “சொன்னது நல்லதுங்க்கா” என்று இருக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

உதவி கேட்கும்போது

காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். 1978-ல் எல்லன் லாங்கர் வெளியிட்ட ஆய்வில், ஜெராக்ஸ் மெஷின் வரிசையில் குறுக்கே விடச் சொல்லிக் கேட்டார்கள். ஐந்து பக்கம் என்றால் ஏதோ ஒரு காரணம் சொன்னாலே விட்டார்கள். 20 பக்கம் என்றபோது ஒப்புக்குச் சொன்ன காரணம் எடுபடவில்லை, உண்மையான காரணம்தான் எடுபட்டது. “அர்ஜென்ட்டுங்க” என்பது காரணம் ஆகாது, எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். “ஞாயித்துக்கிழமை தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் போகுது, இதுல 300 கிலோ மட்டும்தான் நிக்குது” என்று சொல்லிப் பாருங்கள்.

பி.பி. மீட்டிங்

பி.பி. என்றால் ப்ரீ-புரொடக்‌ஷன், உற்பத்தி தொடங்குவதற்கு முன் கூடும் கூட்டம். கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங், பேக்கிங் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி நிற்பார்கள். நீங்கள் அரை மணி நேரம் டெக் பேக்கை வாசித்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பையர் அப்ரூவ் செய்த சாம்பிளை மேஜையில் வையுங்கள், முந்தின சாம்பிளில் வந்த கமெண்ட்டை அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுங்கள். லைனில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் நிறையப் பேர் தைக்கிறார்கள், மொழியைவிட அந்த சாம்பிள் அவர்களுக்கு அதிகம் சொல்லும். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “இதுல உங்களுக்கு எது கஷ்டமா வரும்?” கட்டிங் மாஸ்டர் துணியைக் கையில் இழுத்துப் பார்த்துவிட்டு “இது சுருளுங்க, ஒரு நாள் ரிலாக்ஸ் பண்ணணும்” என்பார், அதாவது வெட்டுவதற்கு முன் துணியைப் பிரித்துத் தளர்வாகப் போட்டு வைக்க வேண்டும். அந்த ஒரு நாள் உங்கள் அட்டவணையில் இருக்காது. அதை அங்கேயே சேர்த்து எழுதிவிட்டு, அதனால் தள்ளிப்போகும் தேதியை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நீங்கள் போனில் சொன்னது, வலது பக்கம் அவர் திருப்பிச் சொன்னது, நேரத்தோடு. வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகளைத் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே இன்னொரு போன் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.